இலை உதிராத காட்டில் இலையுதிர் காலம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு மேடையில் ஆற்றப்பட்ட உரையும் அதன் முடிவில் எழுந்த கேள்வி பதில்களும் ஞாயிறு வாசகர்களுக்காகக் கட்டுரை வடிவில் தரப்படுகின்றன.)



'இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் ஒரு பறவை நடை' என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அதைக் கேட்டதும் என் மனைவி சிரித்துவிட்டார். "ஜொகூரில் ஏது இலையுதிர் காலம்? நமக்கு இருப்பது வெயில் காலமும் மழைக்காலமும்தானே?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு காட்டுக்குள் போகலாம்.

நம் பூமி சற்றுச் சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் வடக்கே போகப் போகக் கோடையில் பகல் நீள்கிறது, குளிர்காலத்தில் சுருங்குகிறது. சைபீரியாவின் வடகோடியில் கோடையில் சூரியன் மறைவதே இல்லாத நாட்களும் உண்டு, குளிர்காலத்தில் உதிக்காத நாட்களும் உண்டு. ஜொகூரோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே கால் மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. அதனால் நம் காட்டு மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இலை உதிர்த்து நிற்பதில்லை. ஒரு மரம் உதிர்க்கும்போது பக்கத்து மரம் துளிர்க்கும். காடு எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

நம்மவர்களுக்குத் தெரிந்த இலையுதிர் காலம் ஒன்று உண்டு. அது ரப்பர் தோட்டத்தின் இலையுதிர் காலம். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மரம், இங்கே பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும். அப்போது பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் காலம் வேறுவிதமாக நினைவிருக்கும்.

ஆனால் நான் பேச வந்தது வேறொரு இலையுதிர் காலத்தைப் பற்றி. வட நாடுகளில் செப்டம்பர் மாதம் இலை பழுக்கத் தொடங்கும்போது அங்கிருந்து புறப்படும் பறவைகள், அக்டோபரிலும் நவம்பரிலும் நம் ஜொகூர்க் காடுகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே உதிர்கிற இலையை நாம் பார்க்க முடியாது. அந்த இலையை விட்டுப் புறப்பட்ட பறவையை நாம் பார்க்கலாம்.

பந்தி காட்டில் ஒரு காலை

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போய், அங்கிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் போனால் பந்தி மலையும் அதை ஒட்டிய வனக் காப்பகமும் வரும். தீபகற்ப மலேசியாவில் பறவை பார்ப்போருக்கு மிகவும் பழக்கமான தாழ்நிலக் காடுகளில் அதுவும் ஒன்று. சிங்கப்பூரிலிருந்தும் ஆர்வலர்கள் எல்லையைத் தாண்டி அங்கே வருவார்கள். உள்ளே போகும் ஒரு மண்பாதைக்கு 'பங்கர் டிரெயில்' என்று பெயர். பழைய பதுங்கு கிடங்குகள் இருப்பதால் வந்த பெயர் அது.

ஓர் அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை, இன்னும் இருட்டாக இருக்கும்போதே நாங்கள் பதினான்கு பேர் கோத்தா திங்கியில் ஓர் உணவுக்கடையில் கூடினோம். எங்களை வழிநடத்தியவர் ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் ஒருவர். மலாய்க் குடும்பம் ஒன்று பத்து வயது மகளோடு வந்திருந்தது. தமிழர்கள் மூன்றே பேர். நான், என் நண்பர், அவருடைய தந்தை. அந்தப் பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மகன் கட்டாயப்படுத்தியதால் வந்ததாகச் சொன்னார்.

காட்டின் வாசலில் வண்டிகளை நிறுத்தியதும் ஆசிரியர் சில விதிகளைச் சொன்னார். பேச்சைக் குறைக்க வேண்டும். கையை நீட்டிச் சுட்டிக்காட்டக் கூடாது. ஏதாவது தெரிந்தால் கடிகார முள்ளைப் போல 'இரண்டு மணித் திசை', 'பத்து மணித் திசை' என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை, சிவப்பு போன்ற பளிச்சென்ற ஆடை வேண்டாம். அட்டை கடிக்கும், ஆகையால் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கக் கூடாது. தன் இடத்துக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கூட்டில் குஞ்சு இருந்தால் அதற்கும் ஆபத்து.

இவ்வளவு சொல்லி முடித்து அவர் வாயை மூடிய நேரத்தில், இருட்டுக்குள்ளிருந்து 'டொக்... டொக்... டொக்' என்று மரத்தை மெதுவாகத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. யாரும் பேசவில்லை. பெரியவர் மட்டும் மகனைப் பார்த்து, "இது பெரட்டுக்குப் போற நேரத்துக் குருவிடா" என்றார்.

அது பக்கி என்று தமிழில் சொல்லப்படும் இரவுப் பறவை. மலாய்க்காரர்களிடையே அதற்குக் குழி வெட்டுபவன் என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. இருட்டில் எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்கு நடந்த தலைமுறைக்கு அதன் குரல் பழக்கமானது. பறவைப் புத்தகம் எதையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேரில் முதல் பறவையை அடையாளம் சொன்னவர் அவர்தான்.

முதலில் காது, பிறகு கண்

மழைக்காட்டுக்குள் முதல் முறை போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல் கிளைக்குக் கிளை பறவை உட்கார்ந்திருக்காது. அரை மணி நேரம் நடந்தாலும் ஒன்றும் தெரியாது. மரங்கள் உயரமானவை, இலை அடர்த்தியானது, பறவைகள் அதற்குள் இருக்கின்றன. அதனால் காட்டில் முதலில் வேலை செய்ய வேண்டியது காது. எந்தப் பக்கம் குரல், எவ்வளவு உயரத்தில், ஒரே இடத்திலா நகர்கிறதா என்று கேட்டுப் பழகிய பிறகுதான் தொலைநோக்கியைத் தூக்க வேண்டும்.

தலைக்கு மேலே பழைய ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல் 'புஸ், புஸ்' என்று ஒரு சத்தம் கடந்தது. அது இருவாச்சியின் சிறகோசை. மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு. மரப்பொந்துக்குள் பெண் பறவை உட்கார்ந்துகொள்ள, பொந்தின் வாசல் மண்ணாலும் எச்சத்தாலும் அடைக்கப்படும். அலகு நுழையும் அளவு இடைவெளி வழியே ஆண் பறவைதான் இரை கொண்டுவந்து கொடுக்கும். பெரிய பொந்து இருக்க வேண்டுமானால் பெரிய மரம் இருக்க வேண்டும். காட்டில் உள்ள பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டினாலும் இருவாச்சிக்கு வீடு போய்விடும். இருவாச்சி வலசை போகும் பறவையல்ல, ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் மண்ணின் மைந்தன்.

எட்டு மணி வாக்கில், அதுவரை அமைதியாக இருந்த மரங்களில் திடீரென்று ஒரு பரபரப்பு. ஒன்றல்ல, ஏழெட்டு வகைப் பறவைகள் ஒரே கூட்டமாக இலைகளுக்குள் தாவித் தாவி நகர்ந்தன. முன்னால், வாலில் இரண்டு நீண்ட துடுப்புகளைத் தொங்கவிட்டபடி துடுப்புவால் கரிச்சான். பின்னால் மரங்கொத்தி, சின்னான், ஈப்பிடிப்பான் என்று வரிசையாக வந்தன.

இது தற்செயலான கூட்டமல்ல. பல வகைப் பறவைகள் சேர்ந்து இரை தேடினால், வல்லூறு வருவதைப் பார்க்கப் பல ஜோடிக் கண்கள் இருக்கும். கரிச்சான் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதில் கெட்டிக்காரன். அதற்கும் லாபம் உண்டு. மற்றப் பறவைகள் இலையைக் கிளறும்போது தப்பிப் பறக்கும் பூச்சியை அது பாய்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில் உள்ளூர்ப் பறவைகளோடு, வடக்கே இருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த பறவைகளும் கலந்திருந்தன. ஆசிரியர் மெதுவாக, "பதினொரு மணித் திசையில், இலை நிறத்தில் ஒரு சின்னப் பறவை, ஆர்க்டிக் கதிர்க்குருவி" என்றார்.

ஆர்க்டிக் கதிர்க்குருவியின் எடை சுமார் பத்து கிராம். நம் சட்டைப்பையில் இருக்கும் இன்றைய 50 சென் நாணயங்கள் இரண்டைக் கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். அது ஸ்கண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வழியாக அலாஸ்கா வரை உள்ள வடக்குக் காடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் வடகோடியில் பிறந்த குருவியும்கூட, பக்கத்தில் இருக்கும் ஆப்பிரிக்காவுக்குப் போகாமல் இந்தப் பக்கம்தான் வருகிறது.

ஏன் வருகின்றன?

குளிர் தாங்காமல் வருகின்றன என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இறகுப் போர்வை உள்ள பறவை ஓரளவு குளிரைத் தாங்கும். தாங்க முடியாதது பசி. வடக்கே பனி விழுந்தால் பூச்சி இல்லை, புழு இல்லை. பூச்சி தின்னும் பறவை அங்கே இருந்தால் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே, ஏன் திரும்பிப் போக வேண்டும்? அங்கே கோடைப் பகல் மிக நீளம், பூச்சியும் ஏராளம். குஞ்சுகளுக்கு இரை ஊட்ட அதிக நேரமும் அதிக உணவும் கிடைக்கும். இங்கேயோ உள்ளூர்ப் பறவைகளின் போட்டி அதிகம். பாம்பு, குரங்கு, அணில் என்று முட்டை திருடுகிற எதிரிகளும் அதிகம். அதனால் பிள்ளை பெற வடக்கு, வயிறு வளர்க்கத் தெற்கு என்று இந்தப் பறவைகள் வாழ்க்கையைப் பிரித்துக்கொண்டன.

புறப்படும் நேரத்தை அவற்றுக்குச் சொல்வது முக்கியமாகப் பகலின் நீளம். பகல் சுருங்கச் சுருங்க உடலுக்குள் மாற்றம் நடக்கிறது. பசி கூடுகிறது, கொழுப்பு சேர்கிறது. சில சிறு பறவைகள் பயணத்துக்கு முன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கான எரிபொருள்.

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன. இரவில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், வல்லூறுகளின் தொல்லை குறைவு, பகலில் இறங்கி இரை தேடலாம். வழி காட்டுவது எது? சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப் புலம் ஆகிய மூன்றையும் அவை பயன்படுத்துகின்றன. 1960களில் அமெரிக்காவில், செயற்கை வான்மண்டபத்துக்குள் பறவைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். நட்சத்திரங்களின் அமைப்பை மாற்றியபோது பறவைகள் போக முயன்ற திசையும் மாறியது.

பருந்து இனங்களின் கதை வேறு. அவை பகலில் பறக்கும். நிலம் சூடாகி மேலே எழும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகை அடிக்காமலேயே மிதந்து போகும். கடலுக்கு மேல் அந்த வெப்பக் காற்று கிடைப்பது அரிது. அதனால் கடலைக் குறுகலான இடத்தில் கடக்கவே அவை விரும்பும். ஜப்பானிய ஆய்வாளர்கள் தேன் பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தார்கள். செப்டம்பரில் ஜப்பானை விட்ட பறவைகள் சீனா, இந்தோசீனா வழியாக மலாய்த் தீபகற்பத்தில் இறங்கி, மலாக்கா நீரிணையைக் கடந்து சுமத்ரா பக்கம் போயின. மார்ச்சில் அவை திரும்பும்போது பார்ப்பதற்கென்றே, 2000ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவானில் மலேசிய இயற்கைக் கழகம் விழா நடத்தத் தொடங்கியது. அன்று எங்கள் தலைக்கு மேலே, பதினோரு மணி வெயிலில், நான்கு தேன் பருந்துகள் வட்டமிட்டபடி தெற்கே நகர்ந்தன. அவை வந்த தூரத்தை நினைத்ததும் எங்களில் யாருக்கும் களைப்பைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை.

சிறுமி கண்ட பறவை

அன்றைய முக்கியமான பறவையைக் கண்டுபிடித்தது ஆசிரியர் அல்ல, அந்தப் பத்து வயதுச் சிறுமி. பெரியவர்கள் எல்லாரும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் உயரம் குறைவு. அவள் பார்வை தரையில் இருந்தது. "அப்பா, அங்கே ஒரு குருவி வாலை ஆட்டுது" என்று மலாயில் கிசுகிசுத்தாள்.

காய்ந்த இலைகளுக்கு நடுவே, மேலே கரு நீலமும் கீழே தூய வெள்ளையுமாக ஒரு சிறிய பறவை. நிற்கும்போதெல்லாம் வாலைச் சிலிர்த்துச் சிலிர்த்து ஆட்டியது. சைபீரிய நீல ராபின். சைபீரியாவின் தென்பகுதி, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களின் காடுகளில் குஞ்சு பொரிக்கும் பறவை. பதினைந்து கிராம் எடையோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, கோத்தா திங்கிக் காட்டுத் தரையில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஆசிரியர் சொன்னதைத்தான் இந்த உரையின் மையமாக நான் வைக்க விரும்புகிறேன். "இதை விருந்தாளி என்று சொல்லாதீர்கள்" என்றார் அவர். இந்தப் பறவை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வந்தால் ஏப்ரல் வாக்கில்தான் போகும். குஞ்சு பொரிக்கும் இடத்தில் அது இருப்பது சில மாதங்கள். வழியில் போவது சில வாரங்கள். ஆண்டில் பாதி அது இங்கேதான் வாழ்கிறது. காலில் வளையம் மாட்டி ஆராய்ந்ததில், ஒரே பறவை அடுத்த ஆண்டும் அதே காட்டின் அதே மூலைக்குத் திரும்பி வருவது தெரிந்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, போன ஆண்டு இருந்த அதே இடத்துக்கு ஒரு சிறு பறவை வந்து இறங்குகிறது. அங்கே காடு இல்லை, செம்மண் மேடும் செம்பனைக் கன்றும்தான் இருக்கின்றன என்றால் அது என்ன செய்யும்? பக்கத்துக் காட்டுக்குப் போகலாமே என்பீர்கள். பக்கத்துக் காட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஏற்கெனவே ஒரு பறவை இடம் பிடித்து வைத்திருக்கும்.

தோட்டம் துண்டாடப்பட்டு, மூட்டை முடிச்சோடு வெளியேறி, தெரியாத ஊரில் இடம் தேடிய குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தப் பறவையின் நிலை நமக்கு விளங்காத ஒன்றல்ல.

இந்தக் கிழக்காசிய - ஆஸ்திரேலிய வான்வழியில் 22 நாடுகள் இருக்கின்றன. நீர்ப்பறவைகள் மட்டும் 5 கோடிக்கு மேல் இதைப் பயன்படுத்துவதாகக் கணக்கு. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் என்னும் பறவை ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவை அடைந்தது. அதன் வயது ஐந்து மாதம்! வழியில் இறங்கித் தங்கும் மற்ற நீர்ப்பறவைகளுக்குச் சேற்றுக் கரையும் அலையாத்திக் காடும் வேண்டும். நம் ஜொகூரில் தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் 2003ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு நாடு தன் பங்கைச் சரியாகச் செய்து, அடுத்த நாடு கைவிட்டால், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

நம் முன்னோர் அறிந்ததே

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். சத்திமுற்றப் புலவர் தம் வறுமையை மனைவிக்குச் சொல்லியனுப்ப நாரையைத் தூது விட்டார் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தென் குமரியில் நீராடி வடக்கே திரும்பும் பறவை என்று அவர் அறிந்திருந்ததால்தான் அதனிடம் செய்தி சொன்னார்.

தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று ஒரு பறவை உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலிருந்து இதே இலையுதிர் காலத்தில்தான் அது தெற்கே வருகிறது. அதன் உறவுப் பறவையான நீலச்சிறகு ஆறுமணிக்குருவி, அதே மாதங்களில் தாய்லாந்துப் பக்கமிருந்து ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வருகிறது.

வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய அதிகாரியிடம் ஆணை வாங்கியவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில்தானே? வலசையின் உச்சமும் அப்போதுதான். பிள்ளைகளிடம் பட்டாசைப் பறிப்பது எந்தத் தகப்பனுக்கும் எளிதல்ல. அந்த ஊர் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறது.

அன்று காட்டை விட்டு வெளியே வந்தபோது, சாலையோர மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெரியவர் நின்றுவிட்டார். "தம்பி, ரப்பர் கொட்டை வெடிச்சு முடியற நேரத்துல இதுங்க கம்பிக்கு வரும். இலை கொட்டி, புதுத் தளிர் வந்துட்டா ஒண்ணுகூட இருக்காது. எங்க போவுதுன்னு எங்கள்ல யாருக்கும் தெரியாது" என்றார்.

நான் அசந்துபோனேன். ரப்பர் கொட்டை வெடிக்கும் காலம் முடிவது செப்டம்பர் வாக்கில். புதுத் தளிர் வருவது மார்ச், ஏப்ரலில். தகைவிலான்கள் வந்து போகும் கணக்கும் அதுதான். 1960களில் தொடங்கி ஆசியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் மாட்டி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் ஒரு பகுதி நம் நாட்டிலும் நடந்தது. அந்த அறிவியல் வெளியே சென்று சேகரித்த செய்தியில் ஒரு பாதியைப் பெரியவர் மரத்தடியில் நின்றே சேகரித்து வைத்திருந்தார். எங்கே போகின்றன என்ற மறுபாதியை அன்று ஆசிரியர் அவருக்குச் சொன்னார். "அவ்வளவு தூரமா?" என்று கேட்டுவிட்டு, வண்டி வரும்வரை அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பேரப்பிள்ளைக்குத் தகைவிலான் என்ற பெயரே தெரியாது. தோட்டம் போனபோது வீடு போனது, வேலை போனது என்பதைப் பேசுகிறோம். இந்த அறிவும் கூடவே போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

நேயர் கேள்விகள்

கேள்வி: இரண்டு பறவையை எண்ணி எழுதுவதால் காடு பிழைத்துவிடுமா?

எண்ணிக்கை மட்டும் காட்டைக் காப்பாற்றாது. ஆனால் எண்ணிக்கை இல்லாமல் காட்டுக்காக யாரும் வாதாடவும் முடியாது. "இங்கே முன்பு நிறையப் பறவை இருந்தது" என்று சொன்னால் அது வெறும் பேச்சு. "இந்தப் பாதையில், இந்தத் தேதியில், இத்தனை பேர், இத்தனை மணி நேரம் நடந்து, இன்னின்ன பறவை இத்தனை பார்த்தோம்" என்று பத்து ஆண்டுக் குறிப்பு இருந்தால் அது சான்று. ஒன்றும் பார்க்காத நாளையும் எழுத வேண்டும். அதுவும் ஒரு செய்திதான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடப்பது இப்படிப்பட்ட தன்னார்வலர்களால்தான். 2002இல் தொடங்கிய 'ஈபேர்ட்' என்னும் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதியலாம். அன்று நாங்கள் எழுதியது 31 வகை. அதில் வலசைப் பறவைகள் ஆறு.

கேள்வி: எங்கள் வீட்டில் பாடும் பறவையைக் கூண்டில் வளர்க்கிறோம். அன்போடுதான் வளர்க்கிறோம். அது தவறா?

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். தலையும் முகமும் வைக்கோல் நிறத்தில் இருக்கும் சின்னான் வகை ஒன்று உண்டு. மலாயில் 'பாராவ் பாராவ்' என்பார்கள். ஆற்றோரக் காடுகளில் அதன் பாட்டு ஒரு காலத்தில் சாதாரணமாகக் கேட்கும். அந்தப் பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்து விற்றார்கள். 2018இல் அது மிக அபாயமான நிலையில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்த பறவையை ஒருவர் வாங்கினால், அந்தக் காலியிடத்தை நிரப்ப இன்னொன்று பிடிக்கப்படும். சட்டமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காக்கப்பட்ட இனங்களை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். உங்கள் பறவை எந்த வகை என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். காட்டுக்குப் போக வசதி இல்லை. எங்களால் என்ன முடியும்?

அடுக்குமாடியில் இருப்பவர்களால்தான் ஒரு முக்கியமான உதவி முடியும். இரவில் பறந்து வரும் பறவை விளக்கொளியில் திசை தடுமாறிக் கண்ணாடிச் சுவரில் மோதி விழுகிறது. சிங்கப்பூரில் அப்படி விழுந்த பறவைகளில் நான் சொன்ன நீலச்சிறகு ஆறுமணிக்குருவி அடிக்கடி பதிவாகிறது. அக்டோபர், நவம்பரில் தேவையில்லாத வெளிவிளக்கை இரவில் அணையுங்கள், திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். காலையில் அடிபட்ட பறவை கிடந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். பல பறவைகள் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து பறந்துவிடும். தெளியாவிட்டால் பெர்ஹிலித்தானை அழையுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு நடைக்கு வர என்ன செலவு? எங்கே தொடங்கலாம்?

1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகத்துக்கு ஜொகூரிலும் கிளை உண்டு. விசாரித்தால் நடைகள் பற்றிச் சொல்வார்கள். முதல் நாளே விலையுயர்ந்த தொலைநோக்கி வாங்க வேண்டாம். எங்கள் குழுவில் பதினான்கு பேருக்கு ஒன்பது தொலைநோக்கிதான், கைமாற்றிக்கொண்டோம். வனக் காப்பகத்துக்குள் போக அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். தண்ணீர், தொப்பி, மழைச்சட்டை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் போதும். மழையில் நனைந்தால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து அப்படியே இருக்கும்.

காட்டுக்குப் போகும் முன் உங்கள் தெருவிலேயே தொடங்கலாம். அக்டோபரில் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு மின்கம்பியைப் பாருங்கள். தகைவிலான்கள் உட்கார்ந்திருந்தால் எண்ணி, தேதியோடு எழுதுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துக் காட்டுங்கள். "தோட்டத்தில் இருந்தபோது இது எப்போது வரும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அதே நோட்டில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பறவை அடுத்த ஆண்டும் வரும். அவர்கள் சொல்வதைக் கேட்க நமக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை.